அக்கா மாட்டிய சிட்டம்

வருஷம் அறுபத்தொன்பதோ எழுபதோ, சரியாக நினைவில்லை. எனக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது ஐப்பசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம், எழுத எங்கே வரும்? மற்றவர்கள் எழுதுவதைப் படித்துப் படித்துத்தான், நம் மனதில் கிடப்பதையும் ஒரு முறை இறக்கி வைப்போம் என்று தோன்றியது.

எங்கள் தெரு முழுக்கத் தறிதான். என் வீட்டுக்காரரின் அண்ணனும் நெசவாளி. நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அண்ணி. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் இவரை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. பாவு பிணைத்துத்தான் ஜீவனம்.

பாவு பிணைப்பது என்றால், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தீரும்போது அதன் நூல் முனைகளோடு புதுப் பாவின் நூல் முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போடக் கூடாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் இரண்டு இழையும் ஒன்றாகிவிட வேண்டும். அக்கா பிணைத்த இடத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒன்றும் தட்டாது. ஊரில் எந்தக் கோடியில் பாவு தீர்ந்தாலும் அக்காவைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

இவருக்குத் தறியில் உட்கார மனமில்லை. வெளியூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து லேத்து என்கிற கடைசல் மிஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். சொந்தமாக ஒரு லேத்து வாங்கிப் போட வேண்டும் என்பதே பேச்சு. இடத்துக்கு என்ன செய்வது என்று அவர் தயங்கியபோது அக்காதான் சொன்னார்.

"ஏம்பா, உங்க அண்ணன் தறி இருந்த எடம் சும்மாதான கெடக்குது. குழியை அப்படியே வுட்டா பூனைதான் குட்டி போடும். மூடிட்டு மிஷினை வை."

நெசவாளி கால் விட்டு உட்காரும் தறிக்குழியை ஜல்லி போட்டு மூடினார்கள். கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். தெருப் பக்கம் பட்டறை, உள்பக்கம் நாங்கள்.

அப்போது சுற்று ஊர்களில் எல்லாரும் கிணற்றில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்க்க நுனியில் மரை போட்டுக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்பது இவர் எண்ணம். அதற்கு எப்படிப்பட்ட லேத்து வேண்டும் என்று ஒரு நாள் எனக்கு விளக்கினார். எனக்குப் போய் எதற்கு என்றுதான் தோன்றியது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லேத்துக்குத் தலைப்பக்கம் ஒரு ஓட்டை இருக்குது. ஸ்பிண்டில்னு சொல்லுவாங்க, சுத்துற பாகம், அதுக்குள்ள நேரா போவுது அந்த ஓட்டை. குட்டை சாமானை எந்த மிஷின்லியும் கடையலாம். நீட்டுக் குழாய்க்கு நுனியில மட்டும் மரை போடணும்னா மீதிக் குழாய் எங்க போவும்? அந்த ஓட்டைக்குள்ள பூந்து பின்னால வெளிய வரணும். ஓட்டை சின்னதா இருந்தா குழாய் நுழையாது. உன் வளையல் மாதிரிதான்."

"கையை அமுக்கினா நுழையும்" என்றேன்.

"இரும்பை அமுக்க முடியாதுமா" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மெட்ராசில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு லேத்தைப் பார்த்து வந்தார். பின்பக்கம் சுவரோரமாக, வேறு சாமான்களுக்குள் புதைந்து கிடந்ததாம். ஓட்டைக்குள் கிரீஸ் கல்லாக இறுகியிருந்ததாம். முன் வாயை அளந்து பார்த்திருக்கிறார். இரண்டு அங்குலத்துக்கு மேலேயே இருந்திருக்கிறது. லாரியில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா கற்பூரம் ஏற்றினார்.

முதல் வேலைக்கு ஓரிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மாட்டு வண்டியில் ஒன்றரை அங்குலக் குழாய்கள் கொண்டுவந்தார். இவர் ஒன்றை எடுத்துச் செருகினார். ஒரு சாண் உள்ளே போனது, நின்றுவிட்டது. கிரீசைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். பின்பக்கம் போய்ச் செருகிப் பார்த்தார். அங்கே நுழையவே இல்லை.

"இன்னாப்பா, உன் மிஷினு வாயைத் தொறந்துக்கினு கீது, முழுங்க மாட்டேங்குது?" என்றார் அந்த விவசாயி.

வாய்ப்பக்கம் வேறு ஒரு சாமானைச் செருகுவதற்காகப் புனல் மாதிரி அகலமாகக் குடைந்திருப்பார்களாம். உள்ளே போகப் போகக் குறுகுமாம். உண்மையான அளவு உள்ளே இருக்கும் குறுகலான பாகம்தான். இவருக்கு அது தெரியாமல் இல்லை. கொஞ்சம் குறுகும் என்று நினைத்திருக்கிறார், இவ்வளவு குறுகும் என்று நினைக்கவில்லை. "வாய்தான் பெருசு, தொண்டை சின்னது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். விவசாயி குழாய்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அடிபட்டு நெளிந்திருந்த ஒரு நுனியை மட்டும் இவர் இரண்டு முழ நீளத்துக்கு அறுத்துக் கொடுத்தார். அந்தத் துண்டுக் குழாய் பட்டறை மூலையில் வெகுநாள் கிடந்தது.

அக்காதான் வழி சொன்னார். "பெரிய குழாய் நுழையலைன்னா சின்னக் கம்பி நுழையுமில்ல? நம்ப தெருவுல ராட்டை இல்லாத வூடு இருக்குதா? கதிர் தேஞ்சு போச்சுன்னு அவனவன் அலையறான். அதைக் கடைஞ்சு குடு."

குறுக்கு நூலைத் தாராகச் சுற்றும் ராட்டையில் சுழலும் மெல்லிய இரும்புக் கம்பிக்குத்தான் கதிர் என்று பேர். நீளமான அரை அங்குலக் கம்பியைப் பின்பக்கமாக ஓட்டையில் செருகி, முன்பக்கம் கொஞ்சம் இழுத்து, கடைந்து, அறுத்து, மறுபடி இழுத்து, இப்படி ஒரே கம்பியில் வரிசையாகக் கதிர்கள் எடுக்கலாம். கம்பி நீளமாக இருந்தால் சேதாரம் குறைவு. ஆனால் லேத்தின் பின்புறம் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை, சுவர் இருந்தது. இவர் சுவரில் ஓட்டை போட்டார். லேத்தின் ஓட்டையும் சுவரின் ஓட்டையும் நேர்க்கோட்டில். கம்பியின் வால் எங்கள் பக்கத்துக்கு ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், நெஞ்சு உயரத்தில்.

ஓட்டையோ ஒன்றேகால் அங்குலம், கம்பியோ அரை அங்குலம். சுற்றியிருக்கும் சந்தில் கம்பி தடதடவென்று அடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் நீட்டியிருக்கும் வால் வெடவெடவென்று நடுங்கும். வீடே அதிரும். ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும், யாரும் கிட்டே போக மாட்டோம். அது நின்றால் வாலும் நிற்கும். மோட்டாரும் பெல்டும் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும், ஒரு கம்பால் பெல்டைத் தள்ளினால்தான் கம்பி சுற்றும். அதனால் மோட்டார் சத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த நடுக்கம்தான் எங்களுக்கு அடையாளம்.

நடுக்கத்தால் கதிர்கள் நேராக வரவில்லை. ராட்டையில் மாட்டினால் தார் ஆடுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். இவர் யோசித்து, அண்ணன் தறியில் மிச்சமிருந்த ஒரு கட்டையை எடுத்து வளையம் மாதிரி கடைந்தார். வெளிப்பக்கம் லேத்து ஓட்டைக்கு, உள்பக்கம் கம்பிக்கு. பின்னால் அதைச் செருகியதும் சந்து அடைந்துவிட்டது. புஷ் என்று அதற்குப் பேர்.

அன்று காலையில் அதைப் போட்டு ஓட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பி சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அப்படி ஒரு நிதானம். "பாத்தியா, ஓடுறது தெரியுதா உனுக்கு?" என்றார். தெரியவில்லை என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா அப்போது வீட்டில் இல்லை. திருப்பருத்திக்குன்றம் சாலையில் ஒரு வீட்டுக்குப் பாவு பிணைக்க விடிகாலையிலேயே போயிருந்தார். மத்தியானம் திரும்பும் வழியில் சாயக்காரரிடமிருந்து பட்டுச் சிட்டங்களை, வளையமாகச் சுற்றிய நூல் கட்டுகளை, வாங்கிக்கொண்டு வந்தார். மழைக்காலம், சாயம் போட்ட பட்டு சரியாகக் காயாமல் ஈரமாகவே இருந்தது. சிவப்பு. தோளில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

எங்கள் வீடுகளில் சுவரில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அது சிட்டம் மாட்டும் முளைதான். கை தானாகப் போகும். அக்கா முளைகளில் ஒவ்வொன்றாக மாட்டினார். முளைகள் தீர்ந்தன. கையில் ஒரு சிட்டம் மீதி. கம்பி அசையாமல் இருந்தது. மிஷினை நிறுத்திவிட்டு இவர் சாப்பிட எழுந்திருக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். நான் அடுப்பங்கரையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "இன்னாமா, இன்னும் ஒலை எறங்கலியா?" என்று என்னிடம் கேட்டபடியே கம்பியில் சிட்டத்தை மாட்டினார்.

ஈரப்பட்டு கம்பியோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தபோது சிவப்பாக ஏதோ சுருண்டது மட்டும் தெரிந்தது. அக்கா சிட்டத்தை விட்டிருந்தால் பட்டு மட்டும்தான் போயிருக்கும். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் நெசவு வீட்டுப் பொம்பளை, அடுத்தவர் பட்டு சிக்காகிறது என்றால் விடுவாளா? இழுத்தார். பருத்தியாக இருந்தால் அறுந்திருக்கும். பட்டு அறுபடவில்லை. கையைச் சேர்த்து இழுத்துக்கொண்டது.

"ஏங்க" என்று கத்தினேன். மோட்டார் இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை. மறுபடி "ஏங்க" என்றேன். யார் யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம், அந்தத் தெருவில் எல்லாருடைய புருஷனும் ஏங்கதான். அப்புறம் என் வாயிலிருந்து அவருடைய பேர் வந்தது. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவேன். அன்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அந்தப் பேரைக் கூப்பிட்டேன்.

பெல்ட் தள்ளப்படும் சத்தம் கேட்டது. கம்பி நின்றது. இவர் ஓடிவந்தார். கத்தியால் பட்டை அறுத்து அறுத்து அக்காவின் கையை எடுத்தார்.

ரிக்‌ஷாவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டை விரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆள்காட்டி விரல் இருந்தது, ஆனால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். வலது கை. கட்டுப் போட்டுப் படுத்திருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு முதலில் சொன்னது இதுதான்.

"அந்தப் பட்டு யாருதுன்னு உனுக்குத் தெரியுமில்ல? அவங்க வூட்டாண்ட சொல்லிடு கண்ணு. சிக்காயிடுச்சுன்னு சொல்லு, வேற ஒண்ணியும் சொல்லாத."

இவர் வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

வீடு திரும்பியதும் பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தறி இருந்த இடத்தில் இரும்பைக் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் என்றாள் ஒருத்தி. "இருந்தாலும் கட்டின புருசன் பேரைப் போயி அப்படிக் கூவுவாளா ஒரு பொண்ணு" என்றாள் இன்னொருத்தி. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமா, கூவினா" என்றார் அக்கா. "உங்கள்ல யாராச்சும் இருந்திருந்தா ஏங்க ஏங்கன்னே கூப்ட்டுக்கினு இருந்திருப்பீங்க. எனுக்குத் தோளோட போயிருக்கும்."

அவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பாவு பிணைக்க ஆள் வந்தால் நான் போனேன். எனக்கும் தெரியும், ஆனால் அக்கா கை வராது. அக்கா கூடவே வந்து உட்காருவார். சாம்பல் கிண்ணத்தை எனக்கு எட்டும்படி இடது கையால் நகர்த்தி வைப்பார். நான் முறுக்கும்போதெல்லாம் மடியில் கிடக்கும் வலது கையில் மிச்சமிருந்த விரல்கள் லேசாக அசையும். அது அவருக்குத் தெரியாது. நான் பார்க்காத மாதிரி குனிந்துகொள்வேன். சில நாள் இழைகள் கண்ணில் மங்கிவிடும்.

இவர் லேத்தைத் தொடவில்லை. அக்கா இருக்கும் பக்கம் வருவதில்லை. சாப்பாட்டைப் பட்டறைக்கே கேட்டு வாங்கிக்கொள்வார். என்னிடம் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "நடுங்கிக்கினு இருந்துச்சே, அப்படியே வுட்டிருக்கலாம். நாந்தான் நடுங்காம பண்ணேன்" என்றார். புஷ் போடாமல் ஓட்டுவதுதான் தவறு, அவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்தச் சரியான வேலைதான் அக்காவின் கையை எடுத்தது. இரண்டும் உண்மை. லேத்தை விற்றுவிடுவதாக ஆள் பார்க்கத் தொடங்கினார்.

அக்கா காதுக்கு அது போனது. பட்டறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்பா, விக்கப் போறியாமே."

இவர் பெல்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் தறியும் போச்சு, என் கையும் போச்சு. இதுவும் போச்சுன்னா மூணு பேரும் இன்னாத்தைத் துன்றது? அந்தக் கம்பிக்கு ஒரு சட்டையைப் போடு. போட்டுட்டு ஓட்டு."

சட்டை என்று அக்கா சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார். மூலையில் கிடந்த அந்தத் துண்டுக் குழாய், லேத்தின் தொண்டைக்குள் நுழையாமல் போன அதே ஒன்றரை அங்குலக் குழாய், அதை எடுத்துச் சுவர் ஓட்டையில் வைத்து சிமெண்ட் பூசினார். கம்பியின் வாலை விட நீளமாக அது எங்கள் பக்கம் நீட்டியிருந்தது. நுனியை மரக்கட்டையால் அடைத்தார். கம்பி இனிமேல் அதற்குள் சுற்றும். வெளியே இருக்கும் குழாய் அசையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி லேத்து ஓடியது. அக்கா எழுந்தார். கூடையில் இருந்த சிட்டங்களில் ஒன்றை இடது கையால் எடுத்தார். முளைகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. அவற்றைத் தாண்டி நேராக அந்தக் குழாயிடம் போய், புறங்கையால் ஒரு முறை தொட்டுவிட்டு, சிட்டத்தை அதில் மாட்டினார். மஞ்சள் பட்டு. அது சும்மா தொங்கியது.

"அவனைக் கூப்பிடு" என்றார் என்னிடம். பிறகு, "ஏங்கன்னே கூப்பிடு, போதும்" என்றார்.

இவர் வந்து வாசற்படியில் நின்றார். குழாயில் தொங்கும் சிட்டத்தைப் பார்த்ததும் பாய்ந்து வந்து அதைக் கழற்றப் போனார். அவர் கை குழாயில் பட்டது. அது சுற்றவில்லை என்று தெரிந்தும் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். தோள்கள் குலுங்கின. அத்தனை நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நிக்குதுபா" என்றார் அக்கா. "நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் மாட்டினேன். நிக்குது."

தன் வலது கையை, கட்டை விரல் இல்லாத அந்தக் கையை, அவர் கைமேல் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லேத்து ஓடிக்கொண்டே இருந்தது.

அக்கா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். பாவு மட்டும் கடைசி வரை பிணைக்கவில்லை. இவரும் போய் வருஷங்களாகின்றன. லேத்தை எடுத்த பிறகும் சுவரில் அந்தக் குழாய் இருந்தது. வீட்டை இடித்தபோது சுவரோடு போய்விட்டது. அவர் பேரை அந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் உரக்கச் சொன்னதில்லை, அவர் போன அன்றுகூட எனக்கு "ஏங்க" என்றுதான் வந்தது.

இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். துணி காயப்போட மாடியில் இரும்புக் கம்பிதான். எந்தக் கம்பியில் எதைப் போடுவதற்கு முன்பும் புறங்கையால் அதை ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன். நிற்கிறது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.